சொன்னது மனதில் நிற்கவில்லை: சைக்கோசிஸும் ஞாபகமும், கேள்வி பதில்

(பதில் சொல்பவர் திருகோணமலையில் பணியாற்றும் உளவியலாளர். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

உப்புவெளி, ஒரு அம்மா: மகனுக்கு 19 வயது. காதில் குரல் கேட்டது மருந்தோடு நின்றுவிட்டது. ஆனால் கடைக்கு அனுப்பினால் ஐந்து சாமானுக்கு இரண்டோடு வருகிறான். வேண்டுமென்றே செய்கிறானா மிஸ்?

இல்லை அம்மா. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற மனநோய் நிலையைத்தான் சைக்கோசிஸ் என்கிறோம். அதன் தொடக்கத்திலேயே அதிகம் அடிபடும் திறமைகளில் ஒன்று, காதால் கேட்ட சொற்களைப் பிடித்து வைப்பது. குரல்கள் மருந்துக்கு அடங்குவதுபோல இது அடங்குவதில்லை. நாங்கள் செய்யும் ஒரு சோதனையில் 15 சொற்களைச் செக்கனுக்கு ஒன்றாக வாசிப்போம். நினைவில் நிற்பதைச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்போம். இன்னொன்றில் 16 சொற்கள், பழம், உடுப்பு என்று நான்கு வகையாகக் கலந்து கிடக்கும். மற்றவர்கள் யாரும் சொல்லித்தராமலே பழத்தைப் பழத்தோடு சேர்த்துச் சொல்லத் தொடங்குவார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் அப்படிச் சேர்ப்பதில்லை, உதிரியாகவே சொல்வார்கள். ஆனால் ஒருமுறை உள்ளே போனதை அரை மணித்தியாலம் கழித்தும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதாவது, சிக்கல் அதிகமும் உள்ளே போகிற இடத்தில்தான்.

அதனால் வாசலில் நின்று ஒரே மூச்சில் "அரிசி, சவர்க்காரம், தேங்காய், வரும்போது மாமாவிடம் சாவி" என்று அடுக்காதீர்கள். சமையலுக்கு இரண்டு, குளியலுக்கு ஒன்று எனப் பிரித்துச் சொல்லுங்கள். அவர் வாயால் திருப்பிச் சொல்லட்டும். துண்டில் எழுதிக் கொடுப்பதில் வெட்கமே இல்லை. மருந்தை மட்டும் கிளினிக்கில் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கிண்ணியா, உயர்தர மாணவி: அண்ணாவுக்கு வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?

வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடட்டும். மாத்திரை என்றால் கிளினிக்கில் காட்டிவிட்டு.

மூதூர்: வல்லாரை...

மேலே பாருங்கள்.

திருக்கடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மருந்துதான் பிள்ளைகளை மந்தமாக்குகிறது. நிறுத்தினால் மூளை தெளியும்.

ஐயா, இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மருந்தே எடுக்காத, முதல் முறை நோய் வந்தவர்களிடமும் இந்தக் குறை காணப்படுகிறது. சிலரில் நோய் வெளிப்படும் முன்பே மெல்லத் தொடங்கியிருக்கும்.

மூதூர், ஒரு தம்பி: ஐயா சொல்வது சரி. அண்ணனுக்குக் கை நடுங்குகிறது என்று இன்னொரு குளிசை சேர்த்தார்கள், அப்புறம்தான் மறதி கூடியது.

தம்பி, நல்ல கவனிப்பு. நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்ஸோல் போன்ற குளிசைகள் நினைவைக் குறைக்கக்கூடியவை. தேவையா, குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஆசிரியர்: அப்போ நான் சொன்னதுதானே! எங்கள் காலத்தில் மனப்பாடத்தால் மூளை வளர்ந்தது.

இல்லை ஐயா. தம்பி சொன்னது ஒரு துணைக்குளிசை. குரலை அடக்கும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது, அதற்கு மனப்பாடம் ஈடாகாது. 1890-களில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இந்த நோயை இளவயதில் வரும் அறிவுச் சிதைவு என்று எழுதினார். ஆனால் முதல் நோய்க்குப் பின் நினைவு வருடாவருடம் சரிந்துகொண்டே போவதாகப் பெரும்பாலானோரில் தெரியவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகும் "மந்தம்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

தம்பி: அப்போ பயிற்சி ஏதும்?

நினைவு, கவனம், திட்டமிடல் மூன்றுக்கும் முறையான பயிற்சி உண்டு. வேலைப் பயிற்சியோடு சேரும்போதுதான் பலன் கூடும். தனியே போனில் விளையாடினால், அந்த விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரராவார். படிப்புக்கு, பக்கத்தை மூடிவிட்டு "என்ன வாசித்தாய்?" என்று தன்னைத் தானே கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டு மீண்டும்.

நிலாவெளி: கஞ்சா குடித்தால் ஞாபகம் கூடுமாமே?

இல்லை. குறையும், நோயும் கிளறும்.

சாம்பல்தீவு: யாரோ செய்வினை வைத்திருப்பார்கள் என்கிறார்கள். கோயிலுக்குக் கொண்டுபோகவா?

போய்க் கும்பிடுங்கள், ஆனால் கிளினிக் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை தொடங்கப் பிந்தினால் குணமாவதும் கடினம்.

பெயர் இல்லை, ஊர் இல்லை: தன்னை வெட்டச் சொல்லி குரல் சொல்கிறதாம்.

இதற்குப் பதில் எழுதும் நேரமல்ல. தனியே விடாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழைத்து இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1926.

மூதூர்: வல்லாரை எத்தனை மில்லிகிராம்?

(இத்துடன் கேள்விகள் மூடப்பட்டன.)