இரவில் நான்கு முறை எழுந்திருப்பதற்கு புராஸ்டேட் மட்டும்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 68. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். புராஸ்டேட் வீக்கம் என்று மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். பகலில் சிறுநீர் தாராளமாகப் போகிறதே தவிர, இரவுத் தொல்லை குறையவில்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன்; மாலையில் கால் வீங்குகிறது. பகலெல்லாம் சோர்வு. வெளியூரில் ஒரு வீட்டில் தங்கவே கூச்சமாக இருக்கிறது. வயதானால் இப்படித்தானா?

பதில்: வயது ஏற ஏற இது அதிகமாகிறது என்பது உண்மைதான், அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது புராஸ்டேட் அல்ல, மாலையில் வீங்கும் கால்கள். பகல் முழுவதும் கால்களில் தேங்கும் நீர், நீங்கள் படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். இரவில் சிறுநீர் ஊறுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனின் சுரப்பும் முதுமையில் மந்தமாகலாம். புராஸ்டேட் மாத்திரை சிறுநீர் வெளியேறும் வழியைத் தளர்த்துமே ஒழிய, ஊறும் அளவைக் குறைக்காது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். அளவுக் குறியிட்ட ஒரு குவளையை எடுத்துக்கொண்டு, மூன்று நாட்களுக்கு ஒவ்வொரு முறையும் போகும் சிறுநீரின் அளவையும் நேரத்தையும், குடித்த நீரின் அளவையும் எழுதி வாருங்கள். படுத்த பின் போனதோடு காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 24 மணி நேரத்தில் 1,500 மில்லி போய், அதில் இரவுக் கணக்கு 700 மில்லியாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது என்று பொருள். இரவில் சிறுநீர் அதிகம் ஊறுகிறது. மாறாக, ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான் போகிறது என்றால், சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் மீண்டும் கவனிக்க வேண்டும்.

அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் உண்டாக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல், குறிப்பேட்டோடு மருத்துவரிடம் சென்று கேளுங்கள். இதயம், சிறுநீரகம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் அவர் பார்த்துவிடுவது நல்லது. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இரவுச் சிறுநீரைப் பெருக்கும். அதுவரை, மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள், உப்பைக் குறையுங்கள், படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் மட்டும் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் தாகத்தை அடக்குவது வீண் தண்டனை. இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்கள் வயதில் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

சில புராஸ்டேட் மாத்திரைகள் எழுந்தவுடன் தலைசுற்றலைத் தரும் என்பதால், படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், படுத்தால் மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மூன்று நாள் கணக்கு முடியும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.