பி.இ. விகிதம்: கேட்டதும் சொன்னதும்

கே: பத்து ஆண்டுகளாக 20-ஐ ஒட்டியே இருந்த பி.இ. இப்போது 12. மலிவுதானே?

பங்கின் விலையைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் வகுத்து வரும் எண் இது. மேலே விலை, கீழே லாபம். எது நகர்ந்தது என்று முதலில் பாருங்கள். 1999 இறுதியில் மைக்ரோசாப்டின் பி.இ. 70-க்கு மேல், 2011-ல் சுமார் 10. நிறுவனம் நொடித்ததா? இல்லை. 2000 நிதியாண்டில் 942 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 2011-ல் 2,300 கோடியைத் தாண்டியது. பங்கு விலையோ பழைய உச்சத்தில் பாதிகூட இல்லை. அந்த உச்சத்தை மீண்டும் எட்ட 2016 ஆயிற்று. ஒரு டாலர் லாபத்துக்குச் சந்தை கொடுத்த விலைதான் சுருங்கியது. உங்கள் நிறுவனத்திலும் அப்படியா, அல்லது லாபம் சரியப்போவதைச் சந்தை முன்பே மோப்பம் பிடித்துவிட்டதா? எண் மட்டும் அதைச் சொல்லாது.

கே: எஃகு நிறுவனம் ஒன்று, பி.இ. 5. வாங்கலாமா?

எனக்கு வயிற்றைக் கலக்கும் எண் இது. எஃகு விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் கொட்டும், பி.இ. குறுகும். அடுத்த ஆண்டு லாபம் கரைந்தால் அதே விலைக்கு பி.இ. 50. தலைகீழாகவும் நடக்கும்: 2009-ல் லாபம் அடியோடு விழுந்ததால் 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் பி.இ. 100-ஐத் தாண்டியது. எண்ணைக் கண்டு மிரண்டவர்கள் பள்ளத்தின் அடியில் விற்றார்கள். கீழே இருக்கும் லாபத்தைப் பாருங்கள்!

கே: பி.இ. மைனஸில் வருகிறது.

நஷ்டம். பி.இ. சராசரி பார்க்கும்போது அந்த ஆண்டின் எண்ணைச் சேர்க்காதீர்கள்.

கே: ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்த நாளில் வரைபடத்தில் பி.இ. 25-லிருந்து 5-க்கு விழுந்திருக்கிறது.

விலை புதிய பங்குக்கு, லாபம் பழைய பங்குக்கு. தரவுப் பிழை.

கே: பொருளாதார அறிஞர் ஷில்லர் போல விலையை 10 ஆண்டு லாபச் சராசரியால் வகுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஷில்லரும் சக பொருளாதார அறிஞர் கேம்ப்பெல்லும் 1988-ல் அதை ஒட்டுமொத்தச் சந்தைக்குத்தான் போட்டுப் பார்த்தார்கள். தனி நிறுவனம் பத்தாண்டில் வேறு நிறுவனமாகவே மாறியிருக்கும்.

கே: பங்கு ஆய்வு நூல் எழுதிய கிரஹாமும் டாட்டும் 1934-லேயே தனி நிறுவனங்களுக்கும் பல ஆண்டுச் சராசரியைச் சொன்னார்களே!

சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். எஃகுக்கு அது பொருந்தும். ஆனால் பங்குக்கு 2, 4, 6 என ஏறிப் பத்தாம் ஆண்டில் 20 ஆன லாபத்தை எடுங்கள். சராசரி 11. விலை 300 என்றால் இன்றைய கணக்கில் பி.இ. 15, சராசரிக் கணக்கில் 27. வளர்ந்ததற்கு அபராதமா?

கே: பணவீக்கத்தைச் சரிசெய்தால்?

இடைவெளி கொஞ்சம் குறையும், மறையாது.

கே: பி.இ. 15 நல்லதா?

முதல் கேள்விக்குச் சொன்ன அதே பதில்.

கே: 18?

முதல் பதில்!

கே: சரி, எத்தனைக்குக் கீழே வாங்கலாம்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

மாட்டேன். எஃகு நண்பர் இன்னும் இருக்கிறாரா? அந்த நிறுவனத்தின் பத்தாண்டு லாபத்தை வரிசையாக எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.