பிளாஸ்மா பேனலுக்கு கேஸ் அடிக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தின் 42 அங்குல பிளாஸ்மா டிவி வேலைக்கு வந்திருக்கிறது. இருட்டுக் காட்சிகளில் பச்சைப் புள்ளிகள் மினுக்குகின்றன. கேஸ் தீர்ந்துவிட்டது, தூக்கிப் போடு என்கிறார்கள். ஃபிரிட்ஜுக்கு அடிப்பதுபோல இதற்கும் கேஸ் ஏற்றலாமா?

கே.

அன்புள்ள கே.,

கேஸ் தீரவில்லை. காற்று புகுந்த பேனலில் புள்ளி மினுக்காது, படமே வராது.

பேனல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள்; அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர்தான். 42 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் மொத்தக் கொள்ளளவு 60 மில்லி அளவுதான். நியானோடு கொஞ்சம் செனான் கலந்து, வெளிக்காற்றின் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். வெளிக்காற்று அழுத்துவதால் முன்கண்ணாடி உள்ளிருக்கும் தடுப்புகள்மேல் இறுக்கமாக உட்காருகிறது. (இதே செட்டைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் அந்தப் பிடி தளர்ந்து ரீங்காரம் போடும். டெல்டாவில் அந்தத் தொல்லை இல்லை.)

காலப்போக்கில் மாறுவது முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பூச்சு. தடிமன் ஒரு மைக்ரானுக்குள். அயனி வந்து மோதும்போது எலக்ட்ரானை எளிதில் உதிர்ப்பது இதுதான். 200 வோல்ட் அளவிலேயே செல் (திரையில் ஒவ்வொரு நிறப் புள்ளியாக எரியும் சின்ன அறை) பற்றிக்கொள்வது அதனால்தான். தொழிற்சாலையில் இதை வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படிய விட்டார்கள். பிறகு ஓரத்தில் கண்ணாடிப் பசை வைத்து 450 டிகிரி அளவில் ஒட்டி, 350 டிகிரி சூட்டிலேயே பல மணி நேரம் பம்ப் போட்டு ஈரத்தை இழுத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்றினார்கள். அதற்கப்புறமும் எல்லாச் செல்களையும் மணிக்கணக்கில் எரியவிட்ட பிறகுதான் வோல்டேஜ் ஒரு நிலைக்கு வந்தது. கேஸ் ஏற்ற நீங்கள் பேனலைத் திறந்த நிமிடமே நம் ஐப்பசிக் காற்றின் ஈரம் உள்ளே போய், பூச்சு ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கும். புதுக் கேஸ் கிடைத்தாலும் பயனில்லை. பின்கண்ணாடி மூலையில் முனை உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். கழற்றும்போது அதில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறிந்தால் பேனல் அதோடு சரி.

உங்கள் செட்டில், செல் பற்றும் வோல்டேஜ் வயசில் ஏறியிருக்கும். ரீசெட் பல்ஸ் (பழைய மின்னூட்டத்தை அழிக்க அனுப்பும் மின்துடிப்பு) எல்லாச் செல்லையும் துடைக்கப் போதாமல், மிச்சமிருக்கும் மின்னூட்டத்தால் கண்டபடி எரிகின்றன. பச்சைக்குப் பயன்படும் துத்தநாக சிலிகேட் பாஸ்பரின் (ஒளிரும் பொடிப் பூச்சின்) மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் ஏற்பதால், பெரும்பாலும் அந்த நிறம்தான் முதலில் தகராறு செய்யும்.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வி-எஸ் (செல்லை எரியவைப்பது), வி-ஏ (எரிய வேண்டிய செல்லைத் தேர்வது), வி-செட் (ரீசெட்டுக்கானது), வி-எஸ்சி (வரிவரியாக ஸ்கேன் செய்வது) ஆகிய வோல்டேஜ் அளவுகள் அச்சிட்டிருக்கும். மாடல் மாறினால் என்ன, ஒரே மாடலில்கூடப் பேனலுக்குப் பேனல் மாறும். பக்கத்து செட்டைப் பார்த்து வைக்காதீர்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளைத் திரையில் அளந்து, முதலில் பவர் போர்டில் வி-எஸ், வி-ஏ இரண்டையும் ஸ்டிக்கர் அளவுக்கு ஒரு வோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். பாதிக் கோளாறு இதிலேயே போய்விடும். சரியாகாவிட்டால் ஒய் போர்டின் (கிடைவரிகளை இயக்கும் போர்டின்) வி-செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். வி-எஸ்ஸை ஏற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். அணைய வேண்டிய செல்லும் எரியும், டிரைவர் ஐசியும் சூடேறிப் போகும். போர்டில் கை வைக்கும் முன் வி-எஸ் கெப்பாசிட்டரை 100 வாட் குண்டு பல்பு வழியாக மின்னூட்டம் இறக்கி, மீட்டரில் பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான அளவு அதில் நிற்கும்.

கிடைமட்டமாக ஒரு பட்டை முழுக்க இருண்டிருந்தால் அது வேறு; ஒய் போர்டுக்கும் பேனலுக்கும் நடுவே இருக்கும் பஃபர் போர்டைப் பாருங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்துச் செட்டுகளில் ரிப்பன் கனெக்டரில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருக்கும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தாலே சில சமயம் வந்துவிடும். பானாசோனிக் 2013 முடிவில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் அடுத்த ஆண்டு விட்டுவிட்டன. அதனால் கண்ணாடி உடைந்த செட் கிடைத்தால் போர்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வி-செட் ஏற்றினால் ரீசெட் வெளிச்சமும் சேர்ந்து கூடும். கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். மண்டபக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.