வாசகர் கேள்வி – பதில்: தெருவில் எடுத்த படமும் நாம் சொல்லும் கருத்தும்

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாசி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவரவர் படங்களைக் காட்டிக்கொள்கிறோம். வயதில் மூத்தவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்பார்கள். பூ தொடுக்கும் அம்மாள் ஒருவரைக் கல்லூரி மாணவர் ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். முகத்தில் வெளிச்சம் இல்லை, பின்னால் உள்ள தெற்குக் கோபுரத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, பைக்கின் ஹேண்டில்பார் குறுக்கே நிற்கிறது என்றேன். அத்தனையும் உண்மை. ஆனால் அதன்பின் அவர் வருவதில்லை. உண்மையை மறைத்துப் பாராட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. வெறும் பாராட்டினால் அந்த மாணவருக்கு ஒரு பயனும் விளைந்திருக்காது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் கேட்டுக்கொண்டு எழுந்த அவர், அடுத்த ஞாயிறு அதே இடத்தில் போய் நின்றால் எதை மாற்றிச் செய்வது என்று தெரிந்துகொண்டு எழுந்தாரா என்பதை யோசித்துப் பாருங்கள். ஸ்டுடியோவில் எடுத்த படமென்றால் விளக்கை நகர்த்தி வைத்து மறுபடியும் எடுத்துவிடலாம். தெருவில் அந்த அம்மாள் அந்த நொடியில் தலை நிமிர்ந்த விதம் திரும்பி வராது. போன நொடியைப் பற்றியே பேசினால் கேட்பவருக்கு வருத்தம்தான் மிஞ்சும். நின்ற இடம், வெயில் வந்த திசை, ஆளுக்கும் நமக்கும் இருந்த தூரம் ஆகியவை அடுத்த வாரமும் அவர் கையில் இருப்பவை. பேச்சு அவற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த நம் வீதிகளில் இதை விளக்குவது எளிது. வடக்கு, தெற்கு மாசி வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுவதால் காலை வெயில் தெருவின் நீளத்துக்குப் பாய்ந்து வரும். கிழக்கே பார்த்து எடுத்தால் எதிரே வருகிறவர்கள் இருண்ட உருவங்களாகத் தெரிவார்கள், மேற்கே திரும்பி எடுத்தால் முகங்களில் வெயில் விழும். கீழ, மேல மாசி வீதிகள் தெற்கு வடக்காக ஓடுபவை. அங்கே காலையில் மேற்குப் பக்கத்துக் கடைவாசல்களில்தான் வெயில் இருக்கும். உச்சி வெயிலிலோ எந்த வீதியானாலும் கண்குழிகளில் நிழல் அடைந்துகொள்ளும். “வெளிச்சம் இல்லை” என்று முடிப்பதற்குப் பதிலாக, “வெயில் ஏறிய பிறகு எடுத்ததுபோல் தெரிகிறது, ஏழு மணிக்கு இந்த அம்மாள் முகத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றால் அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

கோபுரத்தின் தலை வெட்டுப்பட்டது குறைதானா என்பது அவரைக் கேட்காமல் நமக்குத் தெரியாது. “உங்களை அங்கே நிற்கவைத்தது எது?” என்று முதலில் கேட்டிருக்கலாம். நார் சுற்றும் விரல்கள் என்று அவர் சொன்னால், அந்தப் படத்துக்குக் கோபுரமே தேவையில்லை. தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். அதையும் தரையில் அமர்ந்திருப்பவரின் விரல்களையும் ஒரே சட்டகத்தில் அடக்க நினைத்தால் விரல்கள் சிறுத்துப்போகும். செல்போனின் பிரதான லென்ஸ் அகலமாகப் பார்க்கும் இயல்புடையது என்பதால், பக்கத்தில் போகாதவரை ஆள் சிறிதாகவும் சுற்றுப்புறம் பெரிதாகவும்தான் விழும். இரண்டடி முன்னே நகர்ந்து, அந்த அம்மாளின் உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் கோபுரமும் போய்விடும், ஹேண்டில்பாரும் அநேகமாகப் போய்விடும். மூன்றாக நீங்கள் எண்ணியவற்றில் இரண்டுக்கு மூலம் ஒன்றே. அவர் தூரத்தில் நின்றிருக்கிறார். அறிமுகமில்லாத ஒருவரை நெருங்கக் கூச்சப்பட்டிருப்பார். அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பேசியிருந்தால், பத்து ரூபாய்க்குப் பூ வாங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எடுக்கலாம் என்பதுவரை பேச்சு போயிருக்கும்.

நான் பின்பற்றும் முறை ஒன்றைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்தவுடன் நல்லது கெட்டது சொல்லாமல், என் கண் முதலில் எங்கே போயிற்று, அடுத்து எங்கே நகர்ந்தது, எங்கே தடுக்கி நின்றது என்பதை மட்டும் சொல்வேன். எடுத்தவருக்கு மல்லிகையின் வாசனையும் தெருவின் இரைச்சலும் அந்த அம்மாளின் பேச்சும் நினைவில் இருப்பதால், அவையெல்லாம் படத்திலும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். எவையெல்லாம் படத்துக்குள் வந்து சேரவில்லை என்பதை, அந்த இடத்தில் இல்லாத ஒருவரின் கண்தான் அவருக்குக் காட்ட முடியும்.

இன்னொன்று, காட்டிய ஒரு படத்தை மட்டும் பார்க்காதீர்கள். 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருள் இருந்த நாளில், எல்லாவற்றையும் ஒரே தாளில் சிறுசிறு படங்களாக அச்சிட்டுப் பார்ப்போம். எடுத்தவர் எப்படி நெருங்கினார், எப்போது அவசரப்பட்டு விலகினார் என்பது வரிசையில் தெரிந்துவிடும். நல்ல படத்தை எடுத்துவிட்டுத் தவறான படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். யானைக்கல் பாலத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்த இளைஞரிடம், இதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தைய படத்தைப் பல மாதங்கள் கழித்து வேறொருவர் காட்டிப் பார்த்தேன், அருமையான படம். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் அந்த மாணவரை நேரில் பார்த்து, அன்று எடுத்த அத்தனையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: எடுத்த படத்தை ஓரம் வெட்டித் திருத்துவது முறையல்ல என்று என் நண்பர் எல்லோரையும் கண்டிக்கிறார். சரியா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: வெட்டுவதை விரும்பாதவர் என்று பெயர் பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரசோன், 1932இல் பாரிஸின் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரைப் பலகை இடுக்கின் வழியாக எடுத்தார். உலகம் அறிந்த அந்தப் படம் ஓரம் வெட்டப்பட்டதுதான். எனவே கண்டிக்க வேண்டாம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நின்றிருக்கலாம் என்பது எடுத்தவருக்கே விளங்கும்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நண்பர் எடுத்த படங்களில் பாதி, நடைபாதையில் களைத்து உறங்குபவர்களைப் பற்றியவை. எனக்கு உறுத்துகிறது. எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: இதை மட்டும் ஒளி, கோணம் பற்றிய பேச்சோடு கலக்காமல், தனியாக, தயங்காமல் சொல்லுங்கள். உறங்குபவரால் வேண்டாம் என்று மறுக்க முடியாது. “விழித்தெழுந்ததும் இந்தப் படத்தை அவரிடமே காட்டுவீர்களா?” என்று கேளுங்கள். அழகர் மீது தண்ணீர் பீய்ச்சும் தோல்பையும், உடுத்தி வந்த வேடமும் அருகில் தெரிந்தால், இரவெல்லாம் விழித்திருந்து நேர்த்திக்கடன் முடித்த ஒருவரின் களைப்பு அது என்று பார்ப்பவருக்குப் புரியும். அவரே பார்த்தாலும் மகிழக்கூடும். அவர் யார், ஏன் அங்கே படுத்திருக்கிறார் என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லாமல் திறந்த வாயும் விலகிய வேட்டியும் மட்டுமே படத்தில் இருக்குமானால், அதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நண்பரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.