நூலகம் தீசிஸ் எடுத்தவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்களின் கேள்விகளுக்கு ஒரு கட்டடக் கலைஞர் பதில் சொல்கிறார். பல ஆண்டுகளாக தீசிஸ் ஜூரியில், அதாவது இறுதியாண்டு வடிவமைப்பை மதிப்பிடும் குழுவில், உட்கார்ந்து வருபவர். இந்த முறை எடுத்துக்கொண்டது பொது நூலகம்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, கேஸ் ஸ்டடிக்கு நான்கு நூலகங்களின் பிளான் இணையத்தில் கிடைத்துவிட்டது. நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா?

போகத்தான் வேண்டும். நான்கு வேண்டாம், ஒன்றுக்குப் போங்கள். ஆனால் நான்கு தடவை போங்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன், மதியம், மாலை, ஞாயிற்றுக்கிழமை.

கதவு திறக்குமுன் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் நூலக வாசலில் அந்த நேரத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பையில் சொந்தப் புத்தகம், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். நூலகத்துப் புத்தகத்தை அவர்கள் தொடுவதே குறைவு. அவர்களுக்கு வேண்டியது எட்டு மணி நேரம் உட்காரத் தோதான நாற்காலி, பிளக் பாயின்ட், கழிவறை, சாப்பிட ஓர் இடம். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே உண்டு. வெளிநாட்டுக் கைநூலைப் பார்த்து எழுதிய ஏரியா ஸ்டேட்மென்டில் (எந்தப் பகுதிக்கு எவ்வளவு பரப்பு என்ற பட்டியல்) அப்படி ஒரு வரியே இருக்காது. டிபன் பாக்ஸைத் திறக்க இடம் விடாத தீசிஸ்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

எண்ணிக்கை எடுங்கள். எத்தனை நாற்காலி, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது, எத்தனை பேர் சொந்தப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நாளிதழ் படித்துவிட்டு அரை மணியில் கிளம்புகிறார்கள். உங்கள் புரோகிராம், அதாவது கட்டடத்தில் என்னென்ன இடம் வேண்டும் என்ற பட்டியல், அந்தத் தாளிலிருந்து பிறக்கட்டும்.

கோயம்புத்தூர் மாணவர்: மேடம், ஏரியா ஸ்டேட்மென்டை சீனியர் தீசிஸிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஸ்டாக் பகுதி, அதாவது புத்தக அடுக்குகள் நிற்கும் இடம், 800 சதுர மீட்டர். சரியா?

எத்தனை புத்தகத்துக்கு 800? இதைத்தான் என் சொந்த தீசிஸ் ஜூரியில் என்னிடமும் கேட்டார்கள். முழித்தேன். மீதி இருபது நிமிஷமும் அந்த ஒரு கேள்வியிலேயே போனது.

கணக்கு சுலபம்தான். 90 செ.மீ. நீளமுள்ள ஒரு தட்டில் சுமார் 30 புத்தகம் நிற்கும். இரு பக்கமும் ஆறு ஆறு தட்டு வைத்த ரேக் என்றால் 360. ஆனால் நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 270 என்று வையுங்கள். 50,000 புத்தகத்துக்கு ஏறத்தாழ 185 ரேக். ரேக்கின் அகலம் அரை மீட்டர், நடைவழி ஒரு மீட்டர். ஆக ஒரு ரேக்குக்கு 1.35 சதுர மீட்டர், மொத்தம் 250. குறுக்கு வழிகளுக்கும், கோடியில் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடத்துக்கும் கால் பங்கு சேர்த்தால் 310 சொச்சம். அப்புறம் வாசகர் ஒருவருக்கு 2.5 சதுர மீட்டர். 200 பேருக்கு 500. இப்படி ஒவ்வொரு வரியாகக் கூட்டி, கடைசியில் 0.65-ஆல் வகுங்கள். சுவர், படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரம் எல்லாம் அதில் அடங்கும். 1,300 வந்தால் கட்டடம் 2,000.

கால் பங்கை ஏன் காலியாக விடுகிறோம் என்றும் கேட்பார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசியைச் சொல்லுங்கள்: நூலகம் ஒரு வளரும் உயிரி. அமெரிக்காவின் சியாட்டிலில் 2004-இல் திறந்த மத்திய நூலகத்தில் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். நான்கு மாடி உயரத்துக்குச் சுற்றி ஏறும் ஒரே சாய்தளத்தில் அடுக்குகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒரு துறை பெருத்தால் அடுத்த துறை தள்ளி உட்காரும். மாடி மாற்ற வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து வடிவத்தைக் காப்பியடிக்கிறவர்கள் இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

திருச்சி மாணவர்: ஸ்டாக்கை மேல் மாடியில் வைத்து, தரைத்தளத்தைத் திறந்த வெளியாக விடலாமா?

விடலாம். எடையைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வீட்டுத் தளத்துக்கு நம் தரவிதி ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். புத்தக ஸ்டாக்குக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 2. அதாவது வீட்டைப் போல மூன்று மடங்கு. தூணே இல்லாத 15 மீட்டர் திறப்புக்கு மேல் இதை ஏற்றினால் பீம் எவ்வளவு ஆழம் வரும் என்று, கட்டடத்தை வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷனில் காட்ட வேண்டியிருக்கும். தூண் இடைவெளியையும் ரேக் இடைவெளியின் மடங்காக, 1.5-க்கு நான்கு மடங்கு 6 என்று வையுங்கள். இல்லையென்றால் நடைவழி நடுவில் தூண் வந்து நிற்கும்.

மதுரை மாணவி: எல்லாரும் போனில் படிக்கிற காலத்தில் நூலகம் எதற்கு என்று ஜூரியில் கேட்டால்?

முதல் கேள்விக்கு எடுத்த எண்ணிக்கைத் தாளை நீட்டுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர்: அக்கா, யாழ் பொது நூலகத்தைக் கேஸ் ஸ்டடியாக எடுக்கலாமோ? அதைக் கட்டடமாக மட்டும் பார்க்க ஏலாமல் இருக்கு.

கட்டடமாக மட்டும் பார்க்க வேண்டாம். சென்னைக் கட்டடக் கலைஞர் எஸ்.நரசிம்மன் வரைந்தது, 1959-இல் திறந்தது, 1981-இல் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் போயின. மறுபடி கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அதில் இருந்தன. இது புரோகிராமுக்குள்ளேயே வரவேண்டிய சங்கதி. சுவடிக்குத் தனித் தீத்தடுப்புப் பெட்டகம், ஸ்கேன் செய்யும் அறை, பிரதி வேறோர் ஊரில் இருக்க ஏற்பாடு. நினைவிடம் என்று தனியாக ஒரு கூடம் போடுவதைவிட இந்த மூன்றையும் நன்றாகச் செய்வது மேல் என்பது என் கட்சி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு சொன்னால் அவர்களைக் கேளுங்கள், என்னை அல்ல.

சேலம் மாணவி: குழந்தைகள் பகுதியை எங்கே வைப்பது? பபிள் டயகிராமில் (எந்தப் பகுதி எதன் பக்கத்தில் என்று வட்டங்களால் காட்டும் படம்) எல்லாமே எல்லாவற்றோடும் சேருகிறது.

அப்படியென்றால் அது இன்னும் டயகிராம் ஆகவில்லை. எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவருக்கும் கதை கேட்டுக் கத்துகிற குழந்தைக்கும் ஒரே சுவர் கூடாது. குழந்தைகள் தரைத்தளத்தில், வாசலுக்கு அருகில், கழிவறை கண்ணெதிரே. கூட வந்த அம்மாவோ தாத்தாவோ அங்கிருந்தே பார்க்கும்படி நாளிதழ்ப் பகுதி. அவர்களுக்குச் சத்தம் பெரிய தொல்லை இல்லை.

நெல்லை மாணவர்: நூலகத்தில் அளக்கவும் போட்டோ எடுக்கவும் விடவில்லை, சார்.

(நான் சார் இல்லை, பரவாயில்லை.) துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு மாவட்ட நூலக அலுவலரைப் போய்ப் பாருங்கள். அதுவரை டேப் எதற்கு? தரை ஓடு 60 செ.மீ. என்றால் ஓடுகளை எண்ணினாலே அறையின் அளவு வந்துவிடும். உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள், நாள் முழுக்க உட்காரலாம். நூலகரிடம் டீ நேரத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் கட்டடத்தில் எந்த அறை இப்போது வேறு வேலைக்குப் பயன்படுகிறது? அவர் எழுந்து வந்து காட்டுவார்.