கண் சிவப்பு போன பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. வயலும் மாடும்தான் வேலை. சில மாதங்களுக்கு முன் வலது கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம், கேட்கவில்லை. மதுரையில் காட்டியபோது யூவியைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி), விழித்திரையிலும் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இப்போது சிவப்பும் வலியும் இல்லை. ஆனாலும் போகும்போதெல்லாம் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அடிக்கடி எடுத்தால் கண் கெட்டுவிடாதா? மருந்தை நிறுத்திவிடலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: ஸ்கேனைப் பற்றிய பயம் வேண்டாம், அம்மா. ஓ.சி.டி.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை, ஊசி இல்லை, கருவி கண்ணைத் தொடுவதுகூட இல்லை. மிகக் குறைந்த அளவு அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறார்கள். சில விநாடி வேலை. திரும்பத் திரும்ப எடுப்பதால் கண்ணுக்குக் கெடுதல் வராது.

ஏன் எடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். யூவியைட்டிஸில் பார்வை குறைய முக்கியக் காரணம், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீர் கோப்பது. அது வலிக்காது, கண்ணும் சிவக்காது. மாகுலாவின் நடுவில் விழித்திரையின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான். சில மைக்ரான் கூடினாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும், உங்கள் கணவருக்குத் தெரியாது. அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு வரும்போதுதான் நீர் சத்தமில்லாமல் திரும்பக் கோக்கும். அதனால் மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. நாள்பட்ட ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டும், புரையும் வரவழைக்கும். அதற்காகவும் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். ஸ்கேனை ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே கருவியில் எடுங்கள். ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகாது. பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு படத்தைவிட, நான்கு படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று புரியும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணின் முன்பகுதியில் மட்டும் அழற்சி, பார்வையும் நன்றாக இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.சி.டி. தேவைப்படாது, ஒளிக்கீற்று விட்டு நுண்ணோக்கியால் கண்ணைப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை போதும். உங்கள் கணவருக்கு நீர் கோத்திருந்ததால் இப்போதைக்குத் தேவை. சில மாதம் நிலையாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

நோய் எதனால் வந்தது என்பதை மட்டும் எந்த ஸ்கேனும் தனியாகச் சொல்லாது. காசநோய்க்கான சோதனை, மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் விட்டுவிடாதீர்கள். இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன்: கண் சிவப்பதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பு அவருக்குக் கடுமையான காய்ச்சலும் உடம்பு வலியும் வந்ததா? எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், அது ஓய்ந்த பிறகு கண்ணைத் தாக்கும். 1993-ல் பெய்த கனமழை வெள்ளத்துக்குப் பின் நம் மதுரை வட்டாரத்திலேயே பலருக்கு இப்படி யூவியைட்டிஸ் வந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கையில் சாயம் ஏற்றி, கண்ணின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமும் தேவைப்படலாம். ரத்தக்குழாய் கசிவை அது காட்டும் அளவுக்கு ஓ.சி.டி. காட்டாது. அந்தச் சாயத்தால் தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டும். ஒவ்வாமை ஏதும் உண்டென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அவரை ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்து தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.