‘ஒண்ணே ஒண்ணு அடிக்கலாமா, டாக்டர்?’

தை பிறந்தால் எனக்குக் கடிதங்கள் கூடிவிடும். புத்தாண்டு அன்று சிகரெட்டை விட்டவர்களும், சபரிமலைக்குப் போய்வந்து மாலை கழற்றியவர்களும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். எத்தனையோ தடவை கேட்டதுதான், இப்போதும் கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், இந்த இரண்டையும் எழுதுங்கள். இவை இல்லாமல் நான் சொல்லும் பதில் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

நிகோடின் சூயிங்கம் மென்றால் விக்கலும் தொண்டை எரிச்சலும் வருகிறது. நிறுத்திவிட்டேன். வேறு என்ன வழி? (வேளச்சேரி)

சூயிங்கத்தில் குறையில்லை, மென்ற விதத்தில்தான் குறை. பபிள்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் மொத்தமும் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கல், குமட்டல், எரிச்சல் எல்லாம் அதனால்தான். நிகோடின் ஏற வேண்டியது கன்னத்தின் உள்தோல் வழியாக. மெதுவாக நாலைந்து கடி கடியுங்கள். நாக்கில் காரம் தெரிந்ததும் வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி நாலு கடி, இந்தத் தடவை அடுத்த கன்னம். ஒன்று அரை மணி நேரம் வரும். டீ, காபி, லெமன் ஜூஸ் குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக ஏறாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் என்றால் 2 மில்லிகிராம் போதாது, 4 தேவைப்படும். அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எத்தனை அடித்தீர்கள் என்று எழுதவில்லையே!

சிகரெட்டை விட ஒரு நல்ல மாத்திரை பெயர் சொல்லவும். அவசரம். (ஊர் குறிப்பிடவில்லை)

சொல்ல மாட்டேன். உங்கள் வயது தெரியாது, வலிப்பு வந்ததுண்டா தெரியாது, சிறுநீரகம் எப்படி என்று தெரியாது. வலிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரை ஒன்று இதில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியது இன்னொன்று. பெயரைத் தெரிந்துகொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போகிற காரியம் இல்லை இது. அவசரம் என்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். 2018 முதல் உங்கள் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

மூன்று வருடமாக மாலை போடுகிறேன். அந்த ஒரு மண்டலமும் சிகரெட்டைத் தொடுவதில்லை, கஷ்டமும் தெரிவதில்லை. மாலை கழற்றிய அன்று ஒன்றே ஒன்று அடிப்பேன். ஒரு வாரத்தில் பழையபடி பத்து ஆகிவிடுகிறது. எனக்கு மன உறுதி இல்லையா? (குரோம்பேட்டை)

இந்தக் கடிதம் வருடாவருடம் வருகிறது. ஊரும் கையெழுத்தும்தான் மாறுகின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மன உறுதி இல்லாதவர் ஒரு மண்டலம் இருக்க முடியுமா, சாமி? கார்த்திகைக் குளிரில், விடிவதற்கு முன் எழுந்து குளித்து, டீக்கடை வாசலைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நிகோடின் இல்லாமல் உடம்பு படும் பாடு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் மலை ஏறும் முன்பே உங்கள் உடம்பு சிகரெட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. கஷ்டமான பாதியை முடித்துவிட்டு, சுலபமான பாதியில் கோட்டை விடுகிறீர்கள். அதுவும் மூன்று முறை.

சில வருடங்களுக்கு முன், மாலையோடு ஒரு ஆட்டோ ஓட்டுநர் சர்க்கரைக்காக வந்திருந்தார். அவர் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நகத்தின் நுனிப் பக்கம் பழைய மஞ்சள், அடிப் பக்கம் அரை சென்டிமீட்டருக்குப் புதிதாக முளைத்த வெளிர் நகம். நடுவில் கோடு போட்டது போல ஒரு பிரிவு. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளரும், கணக்கு அப்படியே பொருந்தியது. “இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிகரெட்டே இல்லை, பாருங்க” என்றேன். அவர் நகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாசிக் கடைசியில் மறுபடி வந்தார். நுனி மஞ்சளை வெட்டியிருந்தார், வெளிர் நகத்தின் மேலேயே மறுபடி மஞ்சள். எனக்குப் பேச வார்த்தை வரவில்லை.

இது ஏன் நடக்கிறது? மாலை போட்ட அன்று நீங்கள் ஒரே ஒரு தடவை முடிவெடுக்கிறீர்கள். அதன் பிறகு ‘அடிக்கலாமா, வேண்டாமா’ என்ற கேள்வியே எழுவதில்லை. நண்பர்கள் நீட்டுவதில்லை, பெட்டிக்கடைக்காரரே கொடுக்க யோசிப்பார். கேள்வி இல்லாததால்தான் கஷ்டம் தெரியவில்லை. மாலை கழற்றியதும் அந்தக் கேள்வி ஒரு நாளைக்கு இருபது தடவை திரும்பி வருகிறது. இருபதில் ஒரு தடவை சறுக்கினால் போதும். நீங்கள் விரதத்தில் சிகரெட்டை விடவில்லை, தள்ளி வைத்திருந்தீர்கள். தள்ளி வைத்தது தேதி வந்ததும் திரும்பி வரத்தான் செய்யும்.

இந்த முறை ஏற்கெனவே பற்றவைத்துவிட்டீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. சரி, அடுத்த கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்றிலிருந்து புகைக்கு மட்டும் ஒரு விரதம் என்று உங்கள் குருசாமியிடமே சொல்லுங்கள், முடிவுத் தேதி இல்லாமல். அவர் சொல்லுக்கு நீங்கள் கட்டுப்படுவீர்கள், அதை நான் மூன்று வருடக் கணக்கில் பார்க்கிறேன். அந்த டீக்கடைக்கு மூன்று மாதம் போகாதீர்கள். வலது கையில் கிளாஸ் இருந்தால் இடது கை தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் நீளும். பழக்கம் பாதி விரலில் இருக்கிறது. ஆசை எழுந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், அலை போல ஏறி இறங்கிவிடும். அப்புறம், ‘ஒன்றே ஒன்று’ என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. புகையில் ஒன்று என்பது ஒன்றல்ல.

விட்டு இரண்டு வாரம். முன்பைவிட இருமல் அதிகம். சிகரெட் அடித்தபோதே தேவலை போலிருக்கிறதே? (அம்பத்தூர்)

மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் புகையால் முடங்கிக் கிடந்தன. இப்போது வேலையை ஆரம்பித்திருக்கின்றன, சளி வெளியே வருகிறது. சில வாரங்களில் குறையும். சளியில் ரத்தம் இருந்தாலும், காய்ச்சலோ எடை குறைவோ கூடவே இருந்தாலும் தள்ளிப்போடாமல் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

விட்டதிலிருந்து படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கமில்லை. சிகரெட் இல்லாத குறைதானே? காபி மட்டும்தான் இப்போது ஒரே ஆறுதல். (மயிலாப்பூர்)

அந்த ஆறுதல்தான் படபடக்க வைக்கிறது. சிகரெட் புகையில் உள்ள தார், ஈரலை முடுக்கி, காபியில் இருக்கும் கஃபீனைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்ற வைக்கும். புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ஈரல் இயல்பு வேகத்துக்கு வந்துவிடும். நீங்கள் குடிப்பது அதே நாலு டம்ளர், உடம்பில் தங்குவது எட்டு டம்ளரின் வேகம். ஆறுதலுக்காக ஐந்தாவது, ஆறாவதும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதியாகக் குறையுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் டிகாக்ஷன் வேண்டாம்.

இதே காரணத்தால் இன்னொன்று. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரையோ, மனநலத்துக்கு க்ளோசபின், ஒலான்சபின் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விடும் முன் உங்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இருபதிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டேன். இது போதும்தானே? (கோடம்பாக்கம்)

போதாது. நுரையீரலுக்குக் கொஞ்சம் லாபம், இதயத்துக்கு அவ்வளவு இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் அடிப்பவருக்கும், இருபது அடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. மூன்று வரை வந்தவர் நீங்கள், தேதி குறித்து அந்த மூன்றையும் ஒரே நாளில் விடுங்கள்.

கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா? குளியலறையில் அடித்துவிட்டு வருகிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (வண்ணாரப்பேட்டை)

வாங்காதீர்கள் அம்மா. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பொருளை ஒருவர் அறியாமல் அவர் சாப்பாட்டில் கலப்பது ஆபத்து. தெரிய வந்தால் வீட்டில் நம்பிக்கையும் போய்விடும். விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

குளியலறைக் கதவு புகையைத் தடுக்காது. இடுக்கு வழியாக வரும், சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். கைக்குழந்தைக்குக் காதுச் சீழும் மூச்சிரைப்பும் அதனால் கூடும். வீட்டுக்குள் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். சண்டை போடாமல், அவர் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் பேசிப் பாருங்கள். சம்மதித்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விட உதவும் பிரிவு இருக்கிறது, கூடப் போங்கள்.

ஈ-சிகரெட்டுக்கு மாறினால் சுலபமாக விடலாம் என்கிறானே நண்பன்? (தரமணி)

2019 முதல் நம் நாட்டில் அதன் விற்பனைக்குச் சட்டப்படி தடை. கள்ளத்தனமாக வருவதில் என்ன திரவம் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. வேண்டாம்.

சிகரெட்டை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக உதட்டில் புகையிலைப் பொட்டலம் வைக்கிறேன். புகை இல்லையே? (ராயபுரம்)

நுரையீரலிலிருந்து வாய்க்கு மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று இன்றே கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் பல் மருத்துவரிடம் போங்கள்.

எடை கூடுகிறது. (தாம்பரம்)

கூடும். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ சகஜம். அதற்காக மறுபடி பற்றவைக்காதீர்கள். கைக்குத் தீனி தேவைப்பட்டால் வெள்ளரி, வறுத்த கடலை. மிக்ஸர் வேண்டாம்.

எட்டு மாதம் சுத்தமாக இருந்தேன். நண்பன் கல்யாணப் பார்ட்டியில் இரண்டு பெக் உள்ளே போனதும் ஒன்று அடித்துவிட்டேன். எல்லாம் போச்சா? (அண்ணா நகர்)

எதுவும் போகவில்லை. ஒரு சறுக்கல், அவ்வளவே. மறுநாள் காலை அடுத்ததை அடித்தால்தான் போகும். எட்டு மாதக் கணக்கை அழிக்காதீர்கள். ஆனால் குடி உள்ளே போனால் சிகரெட் பின்னாலேயே வரும், இதை நூறு தடவை எழுதிவிட்டேன். ஒரு வருடம் முடியும்வரை அந்தக் கூட்டத்தில் உட்காராதீர்கள். புகையில் ஒன்று என்பது ஒன்றல்ல.

அப்பாவுக்கு 62 வயது. 40 வருடப் பழக்கம். “இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது” என்கிறார். (பெரம்பூர்)

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்பவர், 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்தார். 30 வயதில் விட்டவர்களுக்கு விடாதவர்களைவிடச் சுமார் 10 வருட ஆயுள் கூடியது. 40ல் விட்டவர்களுக்கு 9, 50ல் 6, 60ல் 3. உங்கள் அப்பாவுக்கு இந்த மூன்று வருடம் இன்னும் கையில் இருக்கிறது. பேரன் பேத்தி இருந்தால் மூன்று வருடத்தில் அவர்கள் எந்த வகுப்பில் இருப்பார்கள் என்று அவரையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், அவருக்கு எந்த அளவு சூயிங்கம் என்று சொல்கிறேன்.